நான் போட்ட ரோட்டை நானே உடைத்த கதை

பகல் சோறு சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தால் எனக்குக் கண் அயர்ந்துவிடும். அந்த அரைத் தூக்கத்தில் நான் இன்னும் மாநகர சபை உறுப்பினர்தான். கையில் குறிப்புக் கொப்பியோடு கொழும்பு கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளில் நடக்கிறேன். கதவுகள் எல்லாம் பாதி திறந்திருக்கின்றன. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. எங்கோ மீன் பொரிக்கும் மணம் வருகிறது. எந்த வீட்டிலிருந்தும் யாரும் "மெம்பர்" என்று கூப்பிடுவதில்லை, குறை சொல்வதில்லை, கடிதம் கேட்பதில்லை. அதனால்தான் அது கனவு என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

தம்பி தங்கைமாரே, நீங்கள் முதல் தடவையாகச் சபைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பழைய உறுப்பினர் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். மேடையில் ஏறினால் எனக்கு இறங்க மனம் வராது என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தென்றால் பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிடலாம்.

படிவம் நிரப்புவது, குழுக் கூட்டத்தில் எப்போது கை உயர்த்துவது, எந்த அதிகாரியை எந்த நேரத்தில் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். நான் எழுத வந்தது உங்கள் பட்டியலைப் பற்றி. வருடத்துக்கு ஒருமுறை, உங்கள் வட்டாரத்தில் செய்யவேண்டிய வேலைகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறீர்கள். பத்து வேலை எழுதலாம். ஒன்றாம் இலக்கத்தில் எழுதியது நடக்கும். இரண்டாவது, உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து நடக்கும். மிச்சம் எட்டும் மனச்சாந்திக்கு. ஆக, நாலு வருடப் பதவியில் உங்களுக்கு உண்மையாகக் கையில் இருப்பது நாலு 'ஒன்று' மட்டும்தான். என் முதலாவது 'ஒன்றை' நான் எப்படிப் பாழாக்கினேன் என்று சொல்கிறேன்.

அன்னமுன்னாத் தோட்டத்தில் ஓர் அன்னமுன்னா மரமும் கிடையாது, கொழும்பில் ஏழைகள் நெருக்கி வாழும் ஒழுங்கையைத்தான் தோட்டம் என்போம். எட்டடி அகலத்தில் ஓர் ஒழுங்கை, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றை அறை வீடுகள், முகப்பில் மாதா சுரூபம் வைத்த ஒரு சின்னக் கெபி. பெரிய தெருவிலிருந்து உள்ளே போகப் போக ஒழுங்கை மெல்லச் சரியும். அந்தச் சரிவு நடப்பவர் காலுக்குத் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

அங்கே முன்னேற்றச் சங்கத் தலைவர் பெனடிக்ட் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி இளைப்பாறியவர். உயரத்தில் இருந்து வேலை செய்த பழக்கமோ என்னவோ, யாரோடு கதைத்தாலும் மேலிருந்து கதைப்பவர் போலவே இருப்பார். நான் தெரிவான முதலாவது மாதமே தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்து வைத்த கடிதத்தோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்களுக்கு வோட் போட்டது நாங்க. திருநாளுக்கு முந்தி எங்கட ரோட்டுக்குக் கொங்கிறீட் போட்டுத் தாங்க. போன வருஷம் சுரூபம் தூக்கின பொடியன் குழியில கால் வச்சு, மாதாவே ஒருபக்கம் சரிஞ்சிட்டா."

மாதாவே சரிந்த பிறகு நான் என்ன சொல்ல? பட்டியலில் ஒன்றாம் இலக்கத்தில் எழுதினேன். அதோடு, உங்களுக்குச் சொல்வதற்கென்ன, கொங்கிறீட் என்றால் எங்கள் மெம்பர் இனத்துக்கு ஒரு தனி ஆசை. நாலு நாளில் கண்ணுக்குத் தெரியும். ரிப்பன் கட்டலாம், பெயர்க் கல் பதிக்கலாம். கழிவுநீர்க் கானைத் துப்புரவு செய்து யாராவது ரிப்பன் வெட்டியதைக் கண்டிருக்கிறீர்களா?

அளவெடுக்கச் சபையிலிருந்து ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தாள். சின்ன வயசு, சிங்களப் பிள்ளை. மிஸ் என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வளையம் வளையமாகச் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். மேசன்மார் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதேதான். நான் கெபியடியில் கதிரை போட்டுச் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒழுங்கையின் அடிவரை போய், சப்பாத்தெல்லாம் சேறாகத் திரும்பி வந்தாள்.

"மெடம், வீட்டுத் தரைகள் ஏற்கனவே ரோட்டுக்குக் கீழே. மேலே நாலு அங்குலம் போட்டால் கடைசி மூன்று வீட்டின் வாசல் கட்டும் கீழே போய்விடும்" என்றாள் சிங்களத்தில். "பழையதை உடைத்து எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும்."

"எத்தனை நாள் எடுக்கும் மிஸ்?"

"ஆறு கிழமை. மழை வந்தால் ஏழு."

திருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது. பெனடிக்ட் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்போதைக்கு மேலே போடுங்கள், பிறகு பார்ப்போம்" என்றேன். பிறகு பார்ப்போம் என்பது நம் தொழிலில் எல்லாக் கட்சிக்கும் பொதுவான வசனம். அவள் கையிலிருந்த வேலைக் கோவையைத் திறந்து, 'உறுப்பினரின் வேண்டுகோளின்படி' என்று என் கண் முன்னாலேயே எழுதினாள். அது எனக்குத் தந்த மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? அப்படித்தான் இருந்தேன்.

அந்தத் திருநாளின் பவனியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு லேசாகிறது. பொழுது சாய்கிற நேரம். புதுக் கொங்கிறீட் இளஞ்சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் மெழுகுதிரி வெளிச்சம் ஆடியது. காற்று நின்றுவிட்டிருந்தது. யாரும் கால் இடறவில்லை, ஒரு சுடரும் அணையவில்லை. மாதா தோளுக்குத் தோள் மாறி, தண்ணீரில் மிதப்பவள் போல ஒழுங்கைக்குள் போனாள். கெபிச் சுவரில் மூன்று மொழியிலும் என் பெயர் பளிச்சென்று இருந்தது. அதைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிச் செபம் சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் பெயரைத்தான் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் போன் வந்தது. வெளியே இடியும் மழையும்.

"அக்கா, நான் அன்னமுன்னாத் தோட்டத்துக் கடைசி வீடுங்க. லெட்சுமி. உங்களுக்கு நேரம் இருந்தா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அந்த அமைதிதான் என்னைத் த்ரீவீலில் ஏற்றியது. என் ரோட்டில் முதல் தடவையாக அடிவரைக்கும் நடந்தேன். மழைத் தண்ணீர் ஒரு தடங்கலும் இல்லாமல் எனக்கு முன்னால் ஓடியது. அவ்வளவு அழகாகப் போட்டிருந்தார்கள். கடைசியில் இடது கைப் பக்கம் ஒரு கதவு. உள்ளே கால் வைத்தேன், கால் கீழே கீழே போனது. முழங்கால்வரை தண்ணீர்.

லெட்சுமி அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவள். புருசன் முருகையா புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமக்கிறார். அவள் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். அந்த ஒற்றை அறையில் கட்டிலின் மேல் தையல் மெஷின் ஏறியிருந்தது. மெஷினைக் கட்டிப்பிடித்தபடி பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் குந்தியிருந்தாள். பிள்ளைக்கு இழுப்பு. மூச்சு விடும் சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தண்ணீரில் வெட்டிய வெள்ளைத் துணித் துண்டுகள் மிதந்தன. சட்டைக் கைகளும் கொலர்களுமாக மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்கு அது நிஜமாகவே தோன்றவில்லை.

"ரோட்டு நல்லா இருக்குங்க அக்கா" என்றாள் லெட்சுமி. "குறை சொல்ல ஏலாது. மொதல்ல எல்லாம் தண்ணி வாசல்ல வந்து நிக்கும். இப்பதான் உள்ளுக்கு வருது."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே எனக்கு மனம் நோகாமல் சொல்லப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கடிதத்தில நீங்களும் கையெழுத்து வச்சிருந்தீங்கதானே லெட்சுமி? அப்பவே ஏன் சொல்லல்ல?"

"யாருங்க கேட்டாங்க? பெனடிக்ட் ஐயா கொண்டாந்தாரு, எல்லாரும் வச்சாங்க. கடைசி வீட்டுக்காரங்க மட்டும் வைக்காம இருந்தா நல்லா இருக்காதுங்களே."

தம்பி தங்கைமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தோட்டமே கையெழுத்து வைத்த கடிதம் உங்கள் மேசைக்கு வரும்போது உங்களுக்குப் புல்லரிக்கும். எனக்கும் அரித்தது. அந்தக் கையெழுத்துகளில் பாதி, அயலவரோடு பகைக்காமல் இருக்க வைத்தவை. யார் கேட்கிறார்கள் என்று பார்க்கும் அளவுக்கு, யார் கேட்காமல் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நான் கதிரையில் இருந்து சோடா குடித்ததால் அது எனக்குத் தெரியாமல் போனது.

முருகையா வாசலில் மழையில் நனைந்தபடி நின்றார். "மெம்பர், கோவிச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டு மழைக்காலம் பார்ப்பேன். அப்புறமும் இதே கதைன்னா சாமான கட்டிக்கிட்டு அட்டனுக்கே போயிருவோம். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவுல என்ன குறை இருந்தாலும் தண்ணி வராது."

லெட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "போனா பிள்ளைட படிப்பு? என் தையலு?" என்று மட்டும் கேட்டாள். அவர்கள் போவதா இருப்பதா என்பது அன்றிலிருந்து என் தலையில் ஏறிவிட்டது.

நான் செய்த ஒட்டு வேலைகளைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் செங்கல் கட்டு ஒன்று கட்டிக் கொடுத்தேன். தண்ணீர் கட்டுக்கு மேலால் வரவில்லை, நிலத்துக்குக் கீழால் ஊறி வந்தது. மண் மூட்டை அனுப்பினேன். அதற்கு அடுத்த மழையில் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் போனது. இரண்டாம் வருடத்து 'ஒன்றை' இன்னொரு தோட்டத்தின் பொதுக் கழிப்பறைக்கு ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தேன். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை, அதற்கு நான் வருந்தவும் இல்லை. அந்த வருடம் முழுவதும் வானம் இருட்டினால் லெட்சுமிக்குப் போன் எடுப்பேன். மெஷினைக் கட்டிலிலிருந்து இறக்கவே இல்லை என்று லெட்சுமி சொன்னாள். கட்டிலின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் சுற்றித் தைத்தாள்.

மூன்றாம் பட்டியல் கொடுக்கவேண்டிய திங்கட்கிழமைக்கு முதல் நாள், பூசை முடிந்து கெபியடியில் கூட்டம். பெனடிக்ட் அண்ணன் ஏற்கனவே முடிவெடுத்து வைத்திருந்தார். ஒழுங்கை முகப்பில் மின்விளக்குப் போட்ட ஒரு வளைவு வேண்டும், தோட்டத்தின் பெயர் அதில் எரிந்து எரிந்து அணைய வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள். பின் வரிசையில் லெட்சுமியும் தட்டினாள்.

கூட்டத்துக்கு வரும் வழியிலேயே கட்சி அமைப்பாளர் போன் எடுத்திருந்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. "அக்கா, புதுசாப் போட்ட ரோட்ட யாராவது உடைப்பாங்களா? அடுத்த வருஷம் எலெக்‌ஷன். சொந்தச் செலவில சூனியம் வைக்காதீங்க. உடைச்சே ஆகவேணும் எண்டா, பழிய அந்த டெக்னிக்கல் பொம்பளைட தலையில போடுங்க. அவதானே அளந்தவ."

கை தட்டல் ஓய்ந்ததும் நான் எழும்பி, "எனக்கு வளைவு வேணாம். இந்த ரோட்ட அடியோட உடைச்சு எடுக்கவேணும்" என்றேன்.

கெபியில் இருந்த புறாக்கள் பறந்தன. அப்படி ஒரு சத்தம். "ரெண்டு வருஷம் கூட ஆகல்ல அக்கா" என்றார் ஒருவர். "ஆறு கிழமைக்குத் த்ரீவீல எங்க நிப்பாட்டுற? உங்கட தலையிலயா?" என்றார் இன்னொருவர். கடைசியில் பெனடிக்ட் அண்ணன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "சரி தங்கச்சி. பிழையாப் போட்டது ஆரு? அதச் சொல்லுங்க முதல்ல."

மிஸ் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நான் கேட்டதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தாள். தமிழ் அவளுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் எல்லாக் கண்ணும் தன் பக்கம் திரும்புவது விளங்கியிருக்க வேண்டும். நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கோவையை அங்கிருந்த யாரும் வாசிக்கப்போவதில்லை. ஒரு சொல் போதும், நான் தப்பிவிடலாம். அவளுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகியிராது, ஓர் இடமாற்றம், அவ்வளவுதான். இப்படியெல்லாம் எனக்குள் ஒரு குரல் கணக்குப் போட்டது. நான் நல்லவள் என்று காட்ட இதை எழுதவில்லை. அந்தக் குரல் உங்களுக்கும் கேட்கும், அதுவும் உங்களுடைய குரலிலேயே கேட்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

"நான்தான்" என்றேன். "இந்த மிஸ் அப்பவே வேணாம் எண்டு சொன்னவ. திருநாளுக்கு முந்தி முடிக்கவேணும் எண்டு நான்தான் மேலால போடச் சொன்னனான். கடைசி வீடுகள் வரைக்கும் நான் நடந்தும் பாக்கல்ல. லெட்சுமிட வீட்டுக்குள்ள தண்ணிய விட்டது நான்."

யாரோ பின்னால் மெல்லச் சிரித்தார்கள். அந்த நேரம் மிஸ் தோளிலிருந்த குழாயை இறக்கினாள். ஒரு முனையைப் பெனடிக்ட் அண்ணனின் கையில் கொடுத்து, அவருடைய வீட்டு வாசலில், ரோட்டோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னாள். மற்ற முனையை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குள் போனாள். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது கிரேன்காரருக்குத் தெரியாததல்ல. அவள் உள்ளே சுவரில் சோக்கட்டியால் ரோட்டு மட்டத்துக்கு ஒரு கோடு போட்டாள். நாங்கள் எட்டிப் பார்த்தோம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அவருடைய மனைவியின் படத்துக்குக் கீழே கோடு இருந்தது. நடு ஒழுங்கையில் இருக்கிற அவருடைய வீட்டிலேயே அவ்வளவு.

"அடுத்த மெம்பரும் மேலால ஒரு படை கொங்கிறீட் போட்டா?" என்று பெனடிக்ட் அண்ணன் கேட்டார். மிஸ் கோட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டாள்.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போனாள். கூட்டமும் அவளுக்குப் பின்னால் நகர்ந்தது. 'உங்கட தலையிலயா' என்று கேட்ட த்ரீவீல்காரரே முனையைப் பிடித்தார். லெட்சுமியின் வீட்டில் கோடு கட்டிலுக்கு மேலே வந்தது. பெனடிக்ட் அண்ணன் அந்த அறைக்குள் அன்றுதான் முதல் தடவை கால் வைத்தாராம். கட்டிலில் இருந்த மெஷினின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா ஏன் பிள்ள எனக்குச் சொல்லல்ல?" என்று லெட்சுமியைக் கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. அவள் சிரித்தாள்.

திங்கட்கிழமை நான் கொடுத்த பட்டியலில் ஒன்றாம் இலக்கம் அதுதான். உடைத்த ஆறு கிழமையும் நான் அங்கே வாங்கிய பேச்சை எழுதினால் இந்தத் தாள் கறுத்துவிடும். பலகை மேல் நடந்து வேலைக்குப் போனவர்கள் என் காதுபடவே என் முன்னோரை விசாரித்தார்கள். ஆனாலும் நான் ஒவ்வொரு நாளும் போனேன். ஒழுங்கை மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு உலகத்துக்குள் போவது போல இருந்தது. மேலே என்னுடைய படை. அதற்குக் கீழே எனக்கு முன் இருந்தவருடையது, கொஞ்சம் மஞ்சள். அதற்கும் கீழே இன்னும் சிலருடையவை, கடைசியில் மிகப் பழையது ஒன்று. அதில் ஈரம் காயும் முன் யாரோ ஒரு குழந்தை நடந்த காலடிகள் வரிசையாக இருந்தன. அந்தக் குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கும் என்றார் பெனடிக்ட் அண்ணன். ஒவ்வொரு மெம்பரும் தன் காலத்துக்கு ஒரு படை போட்டிருந்தோம். அவரவர் மனதில் அது சேவை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்த வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைத்திருந்தோம்.

அடியில் கருங்கல் தெரிந்தது. ஓரத்தில் செங்கல் பிடித்த பழைய கான். பிறகு ஒருநாள் காலை, வேலையாள் ஒருவர் லெட்சுமியின் வாசலில் குத்தி உடைக்கும் அலவாங்கை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கதவுக்குக் கீழே ஒரு படி. மண்ணைச் சுரண்டினார், இன்னொரு படி. அதற்கும் கீழே மூன்றாவது. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு காலத்தில் அந்த மனிதர்கள் வீட்டுக்குள் ஏறிப் போயிருக்கிறார்கள். நாங்கள் வந்து அவர்களை இறங்கிப் போக வைத்திருந்தோம். அன்று தோட்டத்தில் யாரும் என்னை ஏசவில்லை. பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவரவர் படியைக் கழுவினார்கள். வெயில் ஈரப் படிகளில் பட்டு ஒழுங்கை முழுவதும் மினுங்கியது. லெட்சுமி கடைசிப் படியில் உட்கார்ந்து, காலை நீட்டி அப்படியே இருந்தாள்.

உடைக்கும்போது கெபிச் சுவரிலிருந்து கழன்ற என் பெயர்க் கல்லை எங்கே பதிப்பது என்று வேலையாட்கள் கேட்டார்கள். கானுக்கு ஒரு மூடி குறைந்திருந்தது. எழுத்தைக் கீழே கவிழ்த்து அதன் மேல் போடச் சொன்னேன்.

அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் லெட்சுமியின் முதலாம் படியைத் தொட்டுக்கொண்டு கானுக்குள் போனது. மெஷின் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியது. அட்டனுக்குப் போகும் பேச்சை முருகையா அதன்பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வருடம் தேர்தல். எதிர்த் தரப்புக்கு வேலையே இருக்கவில்லை. 'ரோட்டை உடைத்த அக்கா' என்று நாலு சுவரில் எழுதினார்கள், அது போதுமாக இருந்தது. நான் ஓய்வு பெற்றதாக நீங்கள் அன்பாகச் சொல்கிறீர்கள். அது சனங்கள் கொடுத்த ஓய்வு. அன்னமுன்னாத் தோட்டம் எனக்கு வோட் போட்டதா என்று எனக்குத் தெரியாது. போட்டிருக்கும் என்று நம்பினேன், பிறகு இல்லை என்று நினைத்தேன். அப்படியே மாறி மாறிப் பல மாதம் தூக்கம் கெட்டது. தேர்தல் முடிவு வந்த அன்று ஒன்றும் வலிக்காதது போல எல்லாருக்கும் பலகாரம் கொடுத்தேன். வலித்தது.

என் இடத்துக்கு வந்த தம்பி நல்லவர், சுறுசுறுப்பானவர். இதை வாசிக்கும் உங்களில் அவரும் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன். இந்த முறை திருநாளுக்கு மூன்று கிழமை இருக்கையில் பெனடிக்ட் அண்ணன் போன் எடுத்தார்.

"தங்கச்சி, மிக்ஸர் வந்து நிக்குது. ரோட்டு பள்ளமாக் கிடக்குது, த்ரீவீல் ஏறுதில்லையாம் எண்டு யாரோ கடிதம் குடுத்திருக்கிறாங்க. நாலு அங்குலம் போடப் போறாங்களாம். கெதியா வாங்க."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். த்ரீவீலில் போகும்போதே மனதுக்குள் பேச்சுத் தயாராகிவிட்டது. எங்கே தொடங்குவது, எங்கே குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் அந்தத் தம்பியின் தோளில் கை போடுவது, எல்லாம். இறங்கும்போது எனக்குப் பத்து வயசு குறைந்திருந்தது.

முகப்பில் மிக்ஸர் சுற்றிக்கொண்டிருந்தது. ஒழுங்கைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும், ஒவ்வொரு வீட்டின் கீழ்ப் படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கால்களை ரோட்டில் நீட்டியிருந்தார்கள். ஒருவர் வெங்காயம் உரித்தார், ஒருவர் பேப்பர் வாசித்தார். பெனடிக்ட் அண்ணனும் தன் படியில் இருந்தார். அடியில், லெட்சுமி மடியில் ஒரு வெள்ளைச் சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அந்தத் தம்பி வேர்வை வழிய நின்றார்.

"அம்மா, எழும்புங்க. ரெண்டு மணித்தியால வேல."

"எழும்ப மாட்டோங்க தம்பி" என்றாள் லெட்சுமி. குரல் உயரவில்லை. "உங்க மேல கோவம் இல்ல. இந்தக் கடுதாசில நாங்க யாரும் கையெழுத்து வைக்கல்ல. இப்புடி உக்காருங்க, என்னான்னு சொல்றேன். படியில எடம் இருக்கு."

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, கையால் காட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். அவர் குனிந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் முகப்புப் பக்கம் கை அசைத்தார், மிக்ஸரை நிறுத்தச் சொல்லி. அந்தச் சத்தம் நின்றதும் தோட்டம் முழுவதும் லெட்சுமியின் குரல் கேட்டது.

என் பேச்சு எனக்குள்ளேயே நின்றது. அப்போதுதான் அவள் என்னைக் கண்டாள்.

"அக்கா, நீங்க எதுக்குங்க இந்த வெயில்ல வந்தீங்க? வீட்டுக்குப் போங்க. நாங்க பாத்துக்குறோம்."

நாலு வருடமும் மேடைக்கு மேடை 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லித் திரிந்தவள் நான். அதைத் திருப்பி என்னிடம் ஒருவர் சொன்னது அன்றுதான். திரும்பி நடக்கும்போது தேர்தலில் தோற்றுப்போனது எனக்கு வலிக்கவில்லை.